உன் ஜீப் நாலு சென்டிமீற்றர் உயர்ந்துவிட்டது

என் வாய்க்காரி மச்சாள் கலாவுக்கு,

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. ஆண்டுத் திவசத்துக்கு நினைவு மலர் அடிக்கிறோம், நீங்களும் ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கோயில் ஆட்கள் கேட்டார்கள். 'அன்பின் உறைவிடமே, பண்பின் சிகரமே' என்று தொடங்கிப் பார்த்தேன். இரண்டாவது வரியிலேயே உன் சிரிப்புக் கேட்டது. "ஆரடி உது? எனக்குத் தெரிஞ்ச ஆளோ?" என்று நீ பக்கத்தில் நின்று கேட்பது போலவே இருந்தது. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். உனக்கு வேண்டிய செய்தியை உனக்கே எழுதுகிறேன், மற்றவர்கள் வாசித்தால் வாசிக்கட்டும்.

உன் ஜீப் உயர்ந்துவிட்டது, கலா. முன்னுக்கும் பின்னுக்கும் சரியாக நாலு சென்டிமீற்றர். உயர்த்தியது யார் என்று நினைக்கிறாய்? என் அண்ணன், உன் புருஷன். ஒரு மின்குமிழ் மாற்றுவதற்கு மூன்று நாள் யோசிக்கிற மனிதர்.

உன்னை அறியாதவர்களுக்காக ஒன்றிரண்டு சொல்லவேண்டும், பொறுத்துக்கொள். ஹேர்னிங் என்ற இந்த டெனிஷ் நகரத்தின் துணி ஆலையில் நாங்கள் எல்லோரும் தைத்துக்கொண்டிருந்தபோது, நீ மட்டும் தையல் மெஷின்களைத் திருத்துகிற பக்கம் போய் நின்றாய். ஊசிக்கும் கொக்கிக்கும் நடுவே ஒரு மயிர் அளவு இடைவெளி பிசகினால் நூல் அறும் என்று எனக்குச் சொன்னவள் நீ. ஐம்பது வயதில், எல்லோரும் மெத்தென்ற கார் வாங்கும் காலத்தில், கறள் பிடித்த ஒரு குட்டி ஜீப்பை வாங்கி வந்தாய். வாகனத்துக்கு எலுமிச்சம்பழம் நசிக்கப் போன இடத்தில் ஐயரே சிரித்துவிட்டார்.

ஜீப் வாங்கியது அந்தத் தீவுக்காக. ரீப நகரத்துக்கு அப்பால், கடல் வற்றும் சில மணி நேரம் மட்டும் கடலின் அடியில் ஒரு பாதை தெரியும். அதில் ஓட்டிக்கொண்டு போனால் அந்தச் சின்னத் தீவு. கடல் திரும்பி வந்தால் பாதை இல்லை. அதைப் பற்றி எங்கோ வாசித்த நாளிலிருந்து உனக்கு வேறு கதையில்லை. "கடலுக்கு நடுவில ரோட்டடி! இந்த நாட்டில முப்பது வருசம் இருந்து என்னத்தைக் கண்டனாங்கள்?" என்று என்னைப் போட்டு உலுப்பினாய்.

ஆனால் அண்ணனுக்குக் கடல் என்றால் நடுக்கம். ஊரைவிட்டு வெளிக்கிட்ட காலத்தில் படகில் இடுப்பளவு தண்ணீரை வாளியால் இறைத்துக்கொண்டு வந்தவர். அதற்குப் பிறகு ஒரு கடற்கரையில்கூடச் செருப்பைக் கழற்றியதில்லை. மூன்று கோடையில் மூன்று தடவை அந்தக் கரைவரை போனீர்கள். மூன்று தடவையும் அவர் கடலைத் தடுக்கும் மண் வரம்பில் நின்றுகொண்டு மறுத்துவிட்டார். தனியாகப் போய்விட்டு வாவன் என்று நான் சொன்னபோது, "அவரைக் கரையில நிக்கவிட்டிட்டு எனக்கென்ன தீவு?" என்றாய்.

மூன்றாவது தடவை அவர் சொன்ன சொல் எனக்கும் தெரியும், ஏனென்றால் நானும் பின்சீட்டில் இருந்தேன்.

"கலா, உம்மட ஜீப் தாராக் குஞ்சு மாதிரி நிலத்தோட கிடக்கு. தண்ணி உள்ளுக்க வந்திடும். ஒரு நாலு சென்டிமீற்றர் உயர்த்தும், நான் வாறன்."

"சத்தியமாவோ?"

"ஓம், சத்தியமா."

உன்னால் முடியாது என்று நினைத்துத்தான் சொன்னார். அதற்கென்றே விற்கிற சாமான் தொகுதி விலை கேட்டால் தலை சுற்றும். நீ கொம்யூனில், நகரசபையில், வயசானவர்களைப் பார்க்கும் வேலைக்கு மாறியிருந்த நேரம் அது, சம்பளமும் குறைந்திருந்தது. ஆனாலும் நீ விட்ட பாடில்லை. ஸ்கீவவில் பழைய வாகனம் உடைக்கிற இடத்துக்கு எத்தனை சனிக்கிழமை போனாய் என்று கடவுளுக்குத்தான் தெரியும். பிறகு வருத்தம் வந்தது, ஆஸ்பத்திரிக்குப் போனாய். பிறகு நீ இல்லை.

அண்ணன் ஏழு மாதம் வேலையைத் தவிர வேறெதற்கும் வீட்டைவிட்டு இறங்கவில்லை, கலா. வேலைக்குப் போவார், வருவார், திரையை இழுத்துவிடுவார். சித்திரைக்குப் பிறகு ஒரு நாள் சோறு கொண்டுபோனேன். வாகனக் கொட்டகையில் நீ சாமான் அடுக்கும் தட்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"நான் வராமலிருக்கச் சும்மா ஒரு சாட்டுக்குச் சொன்னனான், பிள்ளை," என்றார். "அவ அதை உண்மையெண்டு எடுத்திட்டா. பார், எல்லாம் வாங்கி வச்சிருக்கிறா."

நானும் பார்த்தேன். ஐஸ்கிரீம் டப்பாக்களில் நட்டும் போல்ட்டும் அளவு அளவாக. நாலு ஸ்பிரிங், இதே ஜீப்பின் பாரம் தூக்குகிற வகையிலிருந்து கழற்றியவை, கறள் சுரண்டி, கறுப்பு மை பூசி. இடப்பக்கத்துக்கு உரியவற்றில் உன் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு, வலப்பக்கத்துக்கு இரண்டு பொட்டு. அதிர்வு தாங்குகிற ஷொக் நாலும் பழையவைதான். பிரேக் குழாய் மட்டும் பெட்டி பிரிக்காத புதிது. அதன்மேல் ஒரு துண்டு: 'உயிர் விசயத்தில பழசு வேண்டாம்.' ஜீப் உயரும்போது முன்னச்சு ஒரு பக்கம் தள்ளிப்போகும், அதைத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவர நீளம் மாற்றக்கூடிய ஒரு குறுக்குத் தண்டு வேண்டும். அதையும் எங்கேயோ தேடிப் பிடித்து வைத்திருந்தாய்.

வேலை செய்யும் முறையை, வழக்கம்போல, நாட்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் எழுதியிருந்தாய். ஒரு தாளுக்கு ஒரு வேலை. ஒன்று, இரண்டு என்று எண் போட்டு, கிளிப் மாட்டி. சமையல் குறிப்புக்கூட எனக்கு நீ இவ்வளவு வடிவாக எழுதித் தந்ததில்லை. அன்றைக்கு எனக்கு வந்தது அழுகை இல்லை, உன் மூளையைப் பார்த்து ஒரு பிரமிப்பு. எங்களோடு இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தவள் இதையெல்லாம் எப்போது படித்தாள்?

அண்ணன் சொன்னார், "நான் இதைச் செய்து, வாகனச் சோதனையில பாஸ் பண்ணி, அந்தத் தண்ணிக்குள்ளால போய்வர வேணும். இல்லாட்டி அவவுக்குப் பொய் சொன்னவனாத்தான் சாவன்."

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கினோம். அவர் ஸ்பானர் பிடித்தார், நான் தாளை வாசித்தேன். நீ சொன்ன இடத்தில் ஜாக் வைத்து, நீ சொன்ன இடத்தில் முட்டுக்கொடுத்தோம். ஆனால் மாதக்கணக்கில் எண்ணெய் காணாத போல்ட்டுகள், இந்த நாட்டு உப்பு ரோட்டில் ஓடியவை, அசைய மறுத்தன. ஒன்றைக் கழற்ற ஒரு மணி நேரம். ஆனாலும் பின்னேரம் நாலு மணிக்கு ஸ்பிரிங் நாலும் தங்கள் இடத்தில் இருந்தன. போல்ட்டுகளைக் கையால் கொழுவியாயிற்று, இறுக்குவது ஒன்றுதான் மிச்சம்.

அப்போதுதான் அண்ணன் உன் கடைசித் தாளை என் கையிலிருந்து வாங்கினார். வாங்கி, பின்பக்கம் பார்க்கவில்லை, முன்பக்கம் திருப்பினார். அதுவும் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமையின் தாள்.

"பவானி! நாலரைக்கு ராகுகாலம்!"

"அதுக்கென்ன?"

"அதுக்கென்னவோ? அவவின்ர வேலையை ராகுகாலத்தில முடிக்கச் சொல்லுறியோ? கெதியா ஸ்பானரைத் தா!"

தாளைக் காற்சட்டைப் பையில் திணித்துக்கொண்டு உள்ளே புகுந்தார். சக்கரம் நாலும் அந்தரத்தில் தொங்க, எல்லாப் போல்ட்டையும் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார். நாலு இருபத்தைந்துக்கு வெளியே வந்து, வியர்வையைத் துடைத்து, சூடம் கொளுத்தினார். ஜீப்பை இறக்கினோம். அது இறங்க மனமில்லாத பிள்ளை மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. நாலு அல்ல, ஆறு சென்டிமீற்றர். அண்ணனுக்குச் சந்தோசம். "பார், கேட்டதுக்கு மேலால குடுத்திருக்கிறன்," என்றார்.

அடுத்த நாள் வாகனப் பரிசோதனை நிலையம். தெருவில் ஒரு சின்னக் கல்லுக்கும் நாங்கள் இரண்டு பேரும் கூரையைத் தொட்டு வந்தோம். பரிசோதகர் உயரமான ஒரு டெனிஷ்காரர், நரைத்த தாடி. உன் கோப்பைத் திறந்தவுடன் அவர் முகம் மாறியது. எவ்வளவு உயர்த்தலாம், எந்தக் கடதாசி வேண்டும் என்று நீ அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் எழுதியவரே அவர்தானாம்.

"பதினொரு மின்னஞ்சல்," என்றார். "அந்த அம்மா வரவில்லையா?"

அண்ணன் சொன்னார். அந்த மனிதர் கையுறையைக் கழற்றி, உன் கோப்பை மெல்ல மூடினார். பிறகு ஜீப்பைத் தூக்கி, விளக்கைப் பிடித்துக் கீழே போய்ப் பார்த்தார். எங்களையும் கூப்பிட்டுக் காட்டினார். சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கைகளின் முனையில் ரப்பர் புஷ் இருக்கும், உனக்குத் தெரியும். அந்த ரப்பர்கள் பிழிந்த துணி மாதிரி முறுகிப்போயிருந்தன.

"சக்கரம் தொங்கும்போது இறுக்கியிருக்கிறீர்கள். நிலத்தில் நிற்கும்போதுதான் இறுக்கவேண்டும். ஜீப் இறங்கப் பார்க்கிறது, ரப்பர் விடவில்லை. அதனால்தான் உயரம் கூட. இன்னும் கிழியவில்லை, அது அதிர்ஷ்டம். ஏன் இந்த அவசரம்?"

அண்ணனுக்குப் பொய் வராது. டெனிஷில் ராகுகாலத்தை விளங்கப்படுத்தினார், கலா! பகலை எட்டாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு கூடாத நேரம், ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பங்கு, சூரியன் மறைவதற்கு முன் என்று. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் சிரிக்கவில்லை. கவனமாகக் கேட்டார், கதவுக்கு வெளியே வெயிலைப் பார்த்தார்.

"சூரியன் மறைவதற்கு முன் என்றால், இங்கே இப்போது ஒன்பதுக்குப் பிறகுதானே மறைகிறது? அப்படியானால் உங்களுக்கு ஏழு மணிக்கு மேல்வரை நேரம் இருந்திருக்குமே?"

முப்பது வருசமாக யாழ்ப்பாணத்துச் சூரியனை ஹேர்னிங்கில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். நாங்களெல்லோரும்தான், அவர் மட்டும் இல்லை. நானும் அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் வீடு வாங்கினேன்.

ஜீப் பாஸ் ஆகவில்லை. நிலையத்துக்கு வெளியே வந்து, ஓட்டுநர் சீட்டில் இருந்தபடி அண்ணன் பையிலிருந்து உன் கடைசித் தாளை எடுத்தார். இந்த முறை பின்பக்கம் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். உன் குண்டு எழுத்து:

'இப்ப இறுக்க வேண்டாம். முதல் நிலத்தில இறக்கு. இவர் பக்கத்துச் சீட்டில ஏறி இருக்கட்டும். என்ர சீட்டில மூண்டு அரிசி மூட்டை வை. பிறகு இறுக்கு.'

"அவவுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு," என்றார் அண்ணன். "தான் இருக்கமாட்டன் எண்டு தெரிஞ்சுதான் தனக்குப் பதிலா அரிசி எழுதியிருக்கிறா." ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். கார்கள் போய்க்கொண்டிருந்தன, நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டு இருந்தேன்.

"அண்ணை, அவள் கீழ படுத்து இறுக்கிக்கொண்டிருப்பாள்," என்றேன். "உங்களை நம்பி ஸ்பானரைத் தருவாளோ? அதுதான் சீட்டுக்கு அரிசி."

அவர் அழுகைக்குள் சிரித்தார். ஆனால் எனக்கே தெரியாது, கலா. எது சரி? நீ எழுதியது ஆஸ்பத்திரிக்குப் போகமுன்னா, பின்னா? கேட்க உன்னைத் தவிர யாருமில்லை.

நீ சொன்னபடியே செய்தோம். இருபது கிலோ மூட்டை மூன்று உன் சீட்டில். அண்ணன் பக்கத்துச் சீட்டில் இருக்கைப் பட்டி போட்டுக்கொண்டு இருந்தார், நிற்கிற ஜீப்பில் எதற்குப் பட்டி என்று நான் கேட்கவில்லை. கீழே மட்டையை விரித்துப் படுத்துப் போனது நான். ஐம்பத்துநாலு வயதில், இந்த உடம்போடு! இறுக்கியதை ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன். கடைசியைத் தளர்த்தியபோது ஜீப் ஒரு பெருமூச்சு விட்டது. உண்மையாகத்தான் சொல்கிறேன், என் மூக்குக்கு மேலே அந்த இரும்பு முழுதும் மெல்லத் தணிந்து, தனக்குரிய உயரத்தில் வந்து நின்றது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நீ அந்த ஆலையில் மெஷின்களோடு ஏன் அவ்வளவு நேரம் பேசாமல் நின்றாய் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. இறுக்கிவிட்டு வெளியே வந்து அளந்தேன். நாலு சென்டிமீற்றர். ஒரு மில்லிமீற்றர் கூடவுமில்லை, குறையவுமில்லை.

இரண்டாம் தடவை பாஸ். தாடிக்காரர் அண்ணனுக்குக் கை கொடுத்து, "எங்கே ஓட்டப் போகிறீர்கள்?" என்று கேட்டார். "கடலுக்குள்ள," என்றார் அண்ணன். சொல்லும்போதே முகம் வெளுத்துவிட்டது.

போன சனிக்கிழமை போனோம். கடல் வற்றுகிற நேரத்தைப் பத்துத் தரம் பார்த்தார். கரை வரம்பு ஏறி மறுபக்கம் இறங்கும் இடத்தில் ஜீப்பை நிறுத்திவிட்டார். ஐந்து நிமிடம் இருக்கும். பிறகு, "கலா, வாறன்," என்று சொல்லி ஜீப்பைக் கடல் பக்கம் இறக்கினார்.

நீ பார்க்க நினைத்ததை எப்படி எழுதுவேன்? கடல் எழுந்து போய்விட்டது. அது கிடந்த இடம் அப்படியே ஈரமாகக் கிடக்கிறது. கண் எட்டும் மட்டும் சேறு, சேற்றில் அலையின் வரிகள், வரிகளுக்கு நடுவே வானம். ஆயிரக்கணக்கில் பறவைகள் ஒரே நேரத்தில் எழும்பித் திரும்பும்போது வெள்ளையாகி, மறுபடி கறுப்பாகின்றன. பாதையோரம் நட்ட கம்புகளில் எங்கள் கதவின் பிடி உயரத்துக்குக் கடற்பாசி தொங்கியது. அந்த உயரத்துக்குத் தண்ணீர் நின்ற இடத்தில் நாங்கள் ஓடிக்கொண்டிருந்தோம். இவ்வளவு பெரிய ஒன்று ஒரு நாளைக்கு இரண்டு தரம் வழிவிட்டுத் தருகிறதே என்று என் கை தானாகக் கூப்பியது. சாமி கும்பிடும்போதுகூட எனக்கு அப்படி வந்ததில்லை. அண்ணன் கண்ணாடியை இறக்கினார். உப்பு வாசம் வந்தது. அவர் அதை மூடவில்லை.

பாதி வழியில்தான் அது நடந்தது. எதிரே ஒரு சின்னக் கார் வந்தது. வெள்ளை நிறம், பழசு, நிலத்தோடு நிலமாக. ஒரு வயசான டெனிஷ் சோடி. பள்ளத்தில் கிடந்த தண்ணீரைச் சளக்கென்று கடந்து, எங்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டு, கதைத்துக்கொண்டே போனார்கள். அதன் பின்னால் இன்னொரு கார், அதில் பிள்ளைகள்.

அண்ணன் ஓரமாக நிறுத்தினார். கண்ணாடியில் அந்தக் கார்கள் கரையேறும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"பவானி," என்றார், "எங்கட பழைய காரிலயே வந்திருக்கலாம். முதல் நாளே வந்திருக்கலாம்."

எனக்கு உன்மேல் கோபம்தான் வந்தது. மூன்று இடத்தில் விசாரிக்காமல் ஒரு கத்தரிக்காய் வாங்காத நீ, மூன்று கோடை அந்தக் கரையில் நின்ற நீ, எந்தக் காரும் போகிற பாதை அது என்று அறியாமல் இருந்திருப்பாயா? எத்தனை கார் உன் கண்முன்னே போய் வந்திருக்கும்? ஒரு சொல் சொல்லியிருக்கலாமே: 'இஞ்சருங்கோ, உயர்த்தத் தேவையில்லை, உங்களுக்குப் பயம்' என்று. நீ சொல்லவில்லை. அவர் கேட்டது நாலு சென்டிமீற்றர், நீ நாலு சென்டிமீற்றர் தேடப் போய்விட்டாய். ஒரு மனிதரின் பயத்தை வாய்விட்டுச் சொல்லி வெட்கப்படுத்தாமல், அதற்கு ஸ்பிரிங் தேடி இரண்டு வருசம் இரும்புக் குவியலில் அலைந்திருக்கிறாய். என் அண்ணனை நான் பிறந்ததிலிருந்து அறிவேன். நான் அவரை அப்படி ஒரு நாளும் நேசித்ததில்லை, கலா.

அவர் இறங்கினார். சப்பாத்தைக் கழற்றினார், காலுறையையும் கழற்றினார். கடலின் அடியில் வெறுங்காலோடு நின்றார். நான் உள்ளேயே இருந்தேன், அது உங்கள் இரண்டு பேருக்குமான நேரம். திரும்பி வந்தபோது கால் முழுக்கச் சேறு. சேற்றுக் காலோடே ஓட்டித் தீவுக்குப் போனோம். கடல் வந்து பாதையை மூடுவதைத் தீவின் கரையில் இருந்து பார்த்தார். தண்ணீர் வர வர அவர் பின்வாங்கவில்லை.

கடல் மறுபடி வற்றியபின் திரும்பும் வழியில் ஒன்று கேட்டார். "கலாவின்ர திவசத்தண்டு திரும்ப வருவமே? இந்த முறை உன்ர காரில."

என் கார் உனக்குத் தெரியும். வேகத்தடையில் வயிறு உரசுகிற கார்.

கூட்டிக்கொண்டு போகிறேன், மச்சாள். என் காரில், எதையும் உயர்த்தாமல். வழியில் அவருக்குப் பயம் வந்தால், வந்த இடத்தில் நிறுத்தி, போகும்வரை பக்கத்தில் இருப்பேன். அதற்கு ஒரு சாட்டும் அவர் எனக்குச் சொல்லவேண்டியதில்லை. இது சத்தியம்.

உன் புருஷனின் தங்கை, உன் மச்சாள்,
பவானி
ஹேர்னிங்